ரயில் போர்வையில் கறுப்புப் பெட்டிகள்

டெல்லியில் இருக்கும் என் பேத்தியிடம் ஒரு ரயில் போர்வை இருக்கிறது. நான் குரோஷா ஊசியால் போட்டது. கீழே பச்சை வயல், அதன் மேல் தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் ஐந்து பெட்டிகள், முன்னால் சிவப்பு இன்ஜின். பார்த்தவர்கள் எல்லாம், "இதைக் கையாலயா போட்டீங்க!" என்று வாயைப் பிளப்பார்கள். நானும் ஒன்றரை வருஷம் அந்தப் பாராட்டைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

நான் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். கடைசியில் தலைமை ஆசிரியை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெரியாதவர்கள் கடலூரில் குறைவு, சிதம்பரத்தில் அதைவிடக் குறைவு. நான் வராந்தாவில் நடந்தால் மூன்று வகுப்புகள் வாயை மூடிக்கொள்ளும். அதைப் பெரிய பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆகி மஞ்சக்குப்பத்தில் வீட்டோடு உட்கார்ந்த பிறகு, வாயை மூடிக்கொள்ள ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், என் வீட்டுக்காரர். பொதுப்பணித் துறையில் வரைபடம் போடும் வேலை பார்த்தவர். டம்ளரைக் கீழே வைத்தால்கூடச் சத்தம் வராத மனுஷன்.

2008, பொங்கல் முடிந்த சமயம். மகள் டெல்லியிலிருந்து போன் பண்ணினாள்.

"அம்மா, இங்க குளிரு தாங்கல. நீதான் குரோஷா எல்லாம் போடுவியே. அடுத்த குளிருக்கு இவளுக்கு ஒரு போர்வை போட்டுக் குடேன். ரயில் படம் போட்டுக் குடுத்தீன்னா இவ கீழயே வெக்க மாட்டா."

பேத்திக்கு அப்போது இரண்டரை வயசு. ரயில் என்றால் உயிர். எங்கள் வீட்டுக்கு வந்தால் தீப்பெட்டி, சோப்புப் பெட்டி, தாத்தாவின் கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, "நகரு நகரு, ஸ்டேஷன் வருது" என்று என்னையே விரட்டுவாள். என்னை விரட்டிய ஒரே ஜீவன் அவள்தான்.

வீட்டுக்காரர் நாலைந்து கிராஃப் தாள்களை ஒட்டி, கலர் பென்சிலால் ரயிலை வரைந்து கொடுத்தார். ஒரு கட்டத்துக்கு ஒரு பின்னல். பெட்டிகளுக்கு அடர் நீலம், ஜன்னல் ஓரமாக ஒரு பட்டை வெளிர் நீலம், சக்கரத்துக்குக் கறுப்பு. நம் ஊர் ரயில் எப்படி இருக்குமோ அப்படி.

கடலூரில் உல்லன் நூல் இத்தனை நிறத்தில் கிடைக்காது. இந்த வெயிலில் யார் வாங்கப்போகிறார்கள்? சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த காலத்திலிருந்து எனக்கு வாடிக்கையான ஒரு ஃபேன்சி ஸ்டோர் உண்டு. அப்போது அந்தத் தடத்தில் ரயில் இல்லை. அகலப்பாதை போடுகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் போனேன்.

அந்தக் கடையில் நூல் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். நாற்பது வயசு இருக்கும், ஒல்லியாக, எப்போதும் நூல்கண்டு எதையாவது கையில் வைத்துக்கொண்டு. ஏழெட்டு வருஷமாக அவளிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். "ஏம்மா" என்று கூப்பிடுவேன். பெயரைக் கேட்டதே இல்லை. அவள் ஒவ்வொரு கட்டாக எடுத்து, நிறத்தைச் சொல்லிச் சொல்லிப் பையில் போட்டாள். கட்டைச் சுற்றிக் காகிதப் பட்டை இருக்கும், அதில் நிறத்தின் எண் அச்சடித்திருக்கும்.

"பட்டையைப் பத்திரமா வெச்சுக்குங்க டீச்சர். பத்தலன்னா அதே நம்பர்ல வாங்கிக்கலாம்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பட்டையை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, நூலை உருண்டை உருண்டையாகச் சுற்றி ஒயர் கூடையில் போட்டேன். என் பழக்கம் அது. கட்டாக இருந்தால் சிக்கும்.

படம் போட்ட போர்வை சாதாரணப் போர்வை மாதிரி இல்லை. ஒரு வரிசை வலமிருந்து இடம் போகும், திருப்பிப் பிடித்தால் அடுத்த வரிசை இடமிருந்து வலம். ஒரே வரிசையில் நாலு நிறம் வந்தால் நாலு உருண்டையும் பின்னால் தொங்கும். தாளையும் பார்த்து ஊசியையும் பார்க்க முடியாது. அதனால் வீட்டுக்காரர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோலப் படிப்பார். "அடர் நீலம் பதினெட்டு. வெளிர் நீலம் நாலு. அடர் நீலம் மூணு." நான் போட்டுக்கொண்டே போவேன். மடி நிறைய உல்லன், மாசி பங்குனி வெயில், பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் வேறு இருக்காது. முதுகில் வியர்வை ஓடும். இருந்தாலும் என் விரல் ஒரு கட்டம் தப்பியதில்லை. ஊசிக்குக் கண் எதற்கு, விரலுக்கே கணக்குத் தெரியும்.

கண் என்றதும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் டியூப் லைட்டைச் சுற்றி எனக்கு ஒரு வட்டம் தெரிந்தது. பேப்பர் மங்கலாகத் தெரிந்தது. அச்சு சரியில்லை என்று பேப்பர்காரரைத் திட்டினேன். வெள்ளைச் சேலை பழுப்பாகத் தெரிந்தது. சோப்பு போடாமல் அலசுகிறாள் என்று துணி துவைக்கும் அம்மாவைத் திட்டினேன். "ஒருக்கா கண்ணைக் காட்டிட்டு வந்துடலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "உங்க காதைக் காட்டிட்டு வாங்க முதல்ல" என்று அவரையும் திட்டினேன்.

மூன்றாவது பெட்டி முடிந்த அன்று, போர்வையைக் கட்டிலில் விரித்து, "எப்படி?" என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.

"என்னங்க?"

"இந்தப் பெட்டி பாதி கறுப்பா இருக்கே."

"எது கறுப்பு?"

கையை வைத்துக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஆனால் வரைபடம் போட்ட மனுஷன், நிறத்தில் பிசக மாட்டார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? "ஆமா, வெளிச்சத்துல இப்பத்தான் தெரியுது" என்றேன். சொன்ன அடுத்த நிமிஷமே எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் கடைக்காரி நீலத்துக்கு நடுவில் பழைய கறுப்பைக் கலந்து என் தலையில் கட்டிவிட்டாள். ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "போன் பண்ணிக் கேப்போமே" என்றார் அவர். போனில் கேட்கிற ஆளா நான்?

மறுநாள் காலையிலேயே போர்வையையும் நீல உருண்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சக்கரத்துக்கென்று வாங்கிய கறுப்பு உருண்டைகளை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டதாக நினைப்பு. வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். அதில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

கடையில் கூட்டம். கல்யாணத்துக்கு ஜரிகை வாங்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்க டீச்சர், ரயிலு எந்த ஸ்டேஷன்ல நிக்குது?" என்றாள். அவ்வளவுதான். பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். உருண்டைகள் கல்லாப் பக்கம்வரை உருண்டு ஓடின.

"ஏம்மா, நீ வயித்துக்குச் சோறுதானே திங்கிற? நீலம்னு சொல்லிக் கறுப்பைக் குடுத்திருக்கியே, கண்ணு தெரியாத கிழவின்னு நெனச்சியா?"

"இல்ல டீச்சர், நான் எண்ணிப் பார்த்து—"

"நீ எண்ணின லட்சணம்தான் இதோ இருக்கே!" என்று ஒரு உருண்டையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "இதுவா நீலம்? சொல்லுங்க, இதுவா நீலம்? கன்னங்கரேல்னு இருக்கு!"

கடையே சத்தமில்லாமல் இருந்தது. எனக்குப் பழக்கமான சத்தமின்மை அது, வகுப்பறையில் இருப்பதுபோல. அவள் என் கையில் இருந்த உருண்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "டீச்சர், ஒரு நிமிஷம் இப்படி—" என்று கையை நீட்டினாள். கையைத் தட்டிவிட்டேன். "தொடாதே. திருட்டு வேலை பண்ணிட்டு எனக்குச் சமாதானம் வேற சொல்றியா?" என்றேன். திருட்டு என்ற சொல்லைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அது தானாக வந்தது. எனக்கு எப்போதும் தானாகத்தான் வரும்.

முதலாளி ஓடி வந்து, "விடுங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, கொண்டுபோன உருண்டைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, தன் கையாலேயே புதுசாக நீலக் கட்டுகளை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். அவள் கீழே உட்கார்ந்து உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு மாசம் கழித்து ஒரு விசேஷத்துக்காகச் சிதம்பரம் போனபோது ஊக்கு வாங்க அதே கடைக்குப் போனேன். நூல் பக்கத்தில் வேறு ஒரு பெண் நின்றாள். முதலாளி தானாகவே சொன்னார். "நீங்க சொன்ன அன்னைக்கே அந்தம்மாவ நிறுத்திட்டேன் டீச்சர். உங்கள மாதிரி வாடிக்கைதான் நமக்கு முக்கியம்."

அதைக் கேட்டு எனக்குத் திக்கென்று இருந்தது என்று எழுத ஆசைதான். பொய். எனக்கு நிறைவாக இருந்தது. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

கெட்டுப்போன பெட்டியைப் பிரித்து, புது நூலில் மறுபடி போட்டு, மிச்ச இரண்டு பெட்டிகளையும் சக்கரங்களையும் முடித்தேன். இந்தத் தடவை விரித்துக் காட்டியபோது வீட்டுக்காரர், "நல்லா இருக்கு" என்றார். ஐப்பசியில் டெல்லிக்குப் பார்சல் போனது. மகள் போனில், "சூப்பர்மா, இவ மேலேர்ந்து எடுக்கவே விடல" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் நாலு பேரிடம் சொன்னேன்.

2010 மாசியில் வாசற்படி தெரியாமல் விழுந்து முட்டியை உடைத்துக்கொள்ளப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்காமல் ஆட்டோ கூப்பிட்டு என்னைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார். இரண்டு கண்ணிலும் புரை. "இவ்வளவு முத்தினப்புறமா வர்றது?" என்று டாக்டரம்மா அவரைக் கோபித்துக்கொண்டார். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். முதலில் ஒரு கண், ஆறு வாரம் கழித்து மறு கண் ஆபரேஷன் ஆனது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்று எங்கள் வீட்டுச் சுவர் அப்படி வெள்ளையாக இருந்தது. கொடியில் காய்ந்த என் சேலையும் வெள்ளையாகத்தான் இருந்தது. துணி துவைக்கும் அம்மா ஏன் அத்தனை நாளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மே மாசம் மகள் பேத்தியோடு வந்தாள். பேத்தி போர்வையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மே மாசத்து வெயிலில், கூடத்தின் நடுவில், அதை விரித்துப் போட்டு, "ஆயா, ஏறு, ரயிலு கெளம்பப் போவுது" என்றாள். நான் ஏறப் போனேன். நின்றுவிட்டேன்.

முதல் இரண்டு பெட்டிகளில் நீலத்துக்கு நடுவே கறுப்புக் கோடுகள். மூன்றாவது பெட்டி, நான் பிரித்து மறுபடி போட்டேனே, அது முக்கால் கறுப்பு. நாலாவது மட்டும் சரியான நீலம். ஐந்தாவது முழுக்கக் கறுப்பு. அதற்குக் கீழே சக்கரம் பளிச்சென்று நீலம்.

"இது குகை ஆயா. இந்தப் பெட்டி குகைக்குள்ள போவுது, அதான் இருட்டு" என்று பேத்தி எனக்கு விளக்கினாள்.

அந்த நீலத்தை முதலாளி தன் கையால் போட்டுக் கொடுத்தார். கறுப்பு, சக்கரத்துக்கென்று நானே கேட்டு வாங்கியது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, பட்டையையும் கிழித்துவிட்டு, மாற்றி மாற்றி எடுத்துப் போட்டது என் கை. முதல் தடவையும் அதேதான் நடந்திருக்கிறது. அவள் கொடுத்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது.  அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?" என்று மகளைக் கேட்டேன்.

"பார்சல் பிரிச்ச அன்னைக்கே தெரியும்மா."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "சொன்னா மறுபடி பஸ்ஸு ஏறிக் கடைக்குப் போவே. அங்க இன்னொருத்தி நிக்கிறா" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைச் சொன்ன சுடுசொல் அது ஒன்றுதான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மகள் ஊருக்குக் கிளம்பிப் போனதும் சிதம்பரம் போனேன். முதலாளியிடம், அந்தம்மா இப்போது எங்கே என்று கேட்டேன். "புவனகிரியில ஏதோ டெய்லர் கடைன்னு கேள்வி. எதுக்கு டீச்சர்?" என்றார். எதுக்கு என்று அவரிடம் சொல்லவில்லை. அங்கிருந்தே புவனகிரி பஸ் பிடித்தேன். இரண்டு டெய்லர் கடையில் விசாரித்து மூன்றாவதில் கண்டுபிடித்தேன். சின்னக் கடை. டெய்லர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒல்லியாகியிருந்தாள்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன டீச்சர்? உக்காருங்க."

வழியெல்லாம் யோசித்துவைத்ததைக் கொட்டினேன். கண்ணில் புரை இருந்தது, எனக்கே தெரியாது, நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது, தப்பு என்னுடையது, இப்போது ஆபரேஷன் ஆகிவிட்டது. அவள் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்றாள். "நீங்க கறுப்பு கறுப்புன்னு தூக்கிக் காட்டினீங்களே, அது நீலம்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சி. வாசல் வெளிச்சத்துக்கு வாங்க, நான் காட்டுறேன்னு சொல்லத்தான் கைய நீட்டினேன். நீங்க விடல."

"கடையில இருந்தவங்க ஒருத்தரும் சொல்லலையே!"

"எல்லாரும் பாத்தாங்க. முதலாளியும் பாத்தாரு. உங்ககிட்ட யாரு வாயக் குடுக்கறது? என்னை நிறுத்துறது அவருக்குச் சுளுவா போச்சு."

"கண்ணு தெரியலம்மா, அதனாலதான்..." என்று மறுபடி ஆரம்பித்தேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கண்ணு தெரியாதவுங்க எத்தினி பேரு கடைக்கு வருவாங்க டீச்சர். இது என்னா கலரும்மான்னு கேப்பாங்க. சொல்லுவேன், வாங்கிட்டுப் போவாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும்.

"முதலாளிகிட்ட நான் பேசுறேன். திரும்ப உன்னை..."

"வேணாம் டீச்சர். ஆறு மாசம் வேலை இல்லாம இருந்தேன். கேட்ட எடத்துல எல்லாம், அங்க ஏதோ திருட்டுன்னாங்களேன்னு கேட்டாங்க. இவுரு ஒருத்தருதான் ஒண்ணும் கேக்காம உக்காத்தி வெச்சாரு. இங்கயே இருந்துக்கறேன்."

அந்தச் சமயத்தில் டெய்லர் டீ குடித்துவிட்டு வந்தார். என் சேலையையும் கண்ணாடியையும் பார்த்து மரியாதையாக, "யாரும்மா இவுங்க?" என்று அவளைக் கேட்டார்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு நொடி எனக்கு இடம் விட்டாள். நான் சொல்லியிருக்கலாம். இந்தப் பெண் எதையும் திருடவில்லை, நான்தான் பொய்ப் பழி போட்டேன் என்று, ஒரே ஒரு ஆளிடம், நாலு வார்த்தை. சிதம்பரத்துக் கடையில் எத்தனை பேர் முன்னால் எத்தனை சத்தமாகப் பேசிய வாய் இது!

நான் வாயைத் திறக்கவில்லை என்று கண்டதும் அவளே சொன்னாள். "தெரிஞ்ச டீச்சருண்ணே. நூல் வாங்க வருவாங்க, நல்லவுங்க."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.